தேவைக்கு ஒரு சாட்சி

சொல்லிவிட்டார். இவர் சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளை என்னைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. போன புதன்கிழமை மண்டபத்தில் வடையைக் கடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்த பிள்ளை. இன்றைக்குத் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வாங்குகிறது, நான் கைதவறிப் போட்டுவிடுவேன் என்று பயந்ததுபோல. குரலும் இறங்கிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் நேர்ஸ்மார் என்னோடு கதைத்த குரல்.

நகுலேஸ்வரி வாயால் கேட்டது, "சீனி காணுமோ தங்கச்சி?" என்பது மட்டும்தான்.

"போதும்க்கா. சரியா இருக்கு," என்றாள் வான்மதி.

சனிக்கிழமை முற்பகல். வெளியே மாசி மாத மழை. மழை என்று சொல்லவும் முடியாத ஒரு நசநசப்பு. லண்டன் லூயிஷாமில் அந்தக் கவுன்சில் வீட்டின் முன்னறையில், ஹீற்றருக்கு மேல் அவள் கணவர் பாலேந்திராவின் வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், படுக்காமல், சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

வான்மதி மலேசியாவில் பிறந்தவள். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டாள். கறுப்பினத்தவரும் மற்றச் சிறுபான்மையினரும் தாங்களாக நடத்துகிற சிறிய குழுக்களுக்கு உதவிப்பணம் பிரித்துக் கொடுக்கும் உள்ளூர் நிதியம் ஒன்றில் அவளுக்கு வேலை. பெரிய இடங்களில் கேட்டு இல்லையென்று திரும்பியவர்கள் கடைசியாக வந்து தட்டுகிற கதவு அது. கானாக்காரர், சோமாலியத் தாய்மார், டெப்ற்போர்ட் வியட்நாம்காரர், ஜமெய்க்காப் பென்ஷன்காரர் எல்லாரும் ஒரே கதவைத்தான் தட்டினார்கள். பாலேந்திராவும் தட்டியிருந்தார். தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைகளில் தமிழ் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிற சங்கத்துக்கு அவர் செயலாளர். வான் வண்டியில் போய் ஆட்களை ஏற்றி வருவதும் அவர்தான். சமைப்பது நகுலேஸ்வரி. சங்கத்துக்கு நீளமான ஒரு பெயர் பதிவிலிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் 'புதன் சாப்பாடு' என்றார்கள். பழைய உதவிப்பணம் பங்குனியோடு முடிகிறது. புதிதாகக் கிடைக்காவிட்டால் மண்டபமும் இல்லை, வானும் இல்லை.

"அண்ணே, சாப்பாடு போட்டதுல நான் தப்பு சொல்லல," என்றாள் வான்மதி. "ஆனா முடிவு எடுக்கிற குழுவுல ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. இது இல்லாட்டி இவங்களுக்கு என்ன ஆயிடும்? அதுக்கு எங்க கையில பதில் இல்ல."

"வந்த வெள்ளைக்காரர் நல்லாச் சாப்பிட்டாரே," என்றார் பாலேந்திரா பரிதாபமாக.

"நல்லாத்தான் சாப்பிட்டாரு. அதான் அப்படி எழுதிட்டாரு."

போன புதன்கிழமை நடந்தது இதுதான். நிதியத்திலிருந்து பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று பாலேந்திரா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துச் சொல்லியிருந்தார். எப்படி வரவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஆள் வந்தால் என்ன செய்வதென்று தெரியாத யாழ்ப்பாணத்தார் உண்டா?

வான் வந்து நின்றபோது நகுலேஸ்வரி மண்டபத்துக் குசினி யன்னலால் பார்த்தாள். கலியாண வீட்டு வான் மாதிரி இருந்தது. மற்றப் புதன்கிழமைகளில் கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டையும், மகன் கழித்துவிட்ட சப்பாத்துமாக வருகிற கிழவிகள், பட்டும் பதக்கமுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். அருமைநாயகியின் கழுத்தில் மருமகளிடம் இரவல் வாங்கிய சங்கிலி. கையில் பயத்தம் பணியாரம் நிறைந்த பெட்டி.

"என்னக்கா, ஆற்றயும் சாமத்திய வீடோ?" என்று கேட்டாள் நகுலேஸ்வரி.

"வாற ஆக்கள் எங்களை ஆரெண்டு நினைக்கிறது? பிச்சைக்காரர் எண்டோ?"

"பிச்சை கேக்கத்தானே அக்கா அவையைக் கூப்பிட்டிருக்கு."

"சும்மா இரு பிள்ளை. கேக்கிறதையும் ஒரு மரியாதையாக் கேக்கவேணும்."

ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்திருந்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, மரவள்ளிப் பிரட்டல், கீரைக்கடைசல், கேசரி. சோறும் பருப்பும் ஒரு சொதியும் என்று நகுலேஸ்வரி வைத்திருந்த வழக்கமான சாப்பாடு மேசையின் மூலைக்குப் போய்விட்டது. வான்மதி, "நான் பசியாறிட்டுத்தான் வந்தேன்" என்று சொன்னதற்கு, "பசியாறினா என்ன, இனித்தான் சாப்பாடு" என்று அருமைநாயகி அவள் தோளைப் பிடித்து இருத்தினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கூட வந்த வெள்ளைக்கார மனிதர் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டார். வான்மதி மொழிபெயர்த்தாள். வீட்டில் தனிமையாக இருக்கிறதா? ஏதாவது கஷ்டமா?

"ஒரு குறையுமில்லை," என்றார்கள்.

"என்ர மோன் அக்கவுண்டன்," என்றாள் அருமைநாயகி. "மருமகள் தங்கமான பிள்ளை. மகாராணி மாதிரி வைச்சிருக்கினம் எண்டு சொல்லுங்கோ."

குசினிக்குள் சட்டி உரஞ்சிக்கொண்டிருந்த நகுலேஸ்வரிக்குக் கை நின்றது. காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது வீட்டு ஹீற்றரை நிப்பாட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பகல் முழுதும் அருமைநாயகி குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் இருப்பாள். அருமைநாயகி இதை ஒருபோதும் சொன்னதில்லை. புதன்கிழமை மண்டபத்துக்குள் வந்ததும் யாரோடும் கதைக்காமல் நேரே போய் ஹீற்றரில் முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவாளே, அதிலிருந்து நகுலேஸ்வரி தெரிந்துகொண்டது.

வெள்ளைக்கார மனிதர் மூன்றாவது வடையோடு எழும்பி, உங்கள் சமூகம் எவ்வளவு பலமாக இருக்கிறது, எங்களுக்கெல்லாம் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லி எல்லாருக்கும் கை கொடுத்தார். மனமாரத்தான் சொன்னார். பாலேந்திரா அன்றைக்கு வான் ஓட்டிக்கொண்டு பாட்டுக்கூட முணுமுணுத்தார். "வெள்ளை நல்லா விழுந்திட்டுது," என்றார் வீட்டுக்கு வந்து.

குடும்ப ஆதரவு வலுவாக இருக்கிறது, தேவை தெளிவாக இல்லை என்று றிப்போட்டில் இருந்ததாம்.

"அதுகள் சொல்லாதுகள், தங்கச்சி," என்றார் பாலேந்திரா இப்போது. "எங்கட சனம் வீட்டுக் கதையை வெளி ஆளுக்குச் சொல்லாது."

"தெரியும்ணே. எங்க அம்மாவும் அப்படித்தான். காலு வீங்கிக் கிடந்தப்போ டாக்டர்கிட்டயே ஒண்ணுமில்லன்னாங்க." வான்மதி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். சனிக்கிழமையில் வீடு வீடாகப் போகவேண்டும் என்று அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் சொல்லவில்லை. "இந்த வருஷம் இன்னொரு சிக்கல். ஒரே இனத்துக்காரங்க மட்டும் கூடுற குழுக்களுக்குக் கொடுக்கிறதைக் குறைக்கணும்னு மேல பேச ஆரம்பிச்சிருக்காங்க. எல்லாரும் கலந்து இருக்கணுமாம்."

"கலந்துதானே இருக்கிறம். மேல்வீட்டு நைஜீரியாக்காரன்ர பிள்ளை எங்கட வீட்டிலதான் இடியப்பம் தின்னுது."

"அதை நான் எங்கண்ணே எழுதறது?"

மூவரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வான்மதி கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வியாழக்கிழமை கூட்டம். அஞ்சு நிமிஷம்தான். போன தடவை சோமாலி அம்மா ஒருத்தங்க பேசினாங்க, உடனே கொடுத்துட்டாங்க. அக்காவுக்கு அப்போ நடந்ததும், அப்புறம் இந்தப் புதன்கிழமை அவங்களை எப்படி மீட்டுச்சுங்கிறதும்... அவங்க வாயால வந்தா நல்லாருக்கும். அறிக்கையில பேரை மாத்திப் போட்டுடலாம். கட்டாயம் இல்லக்கா."

"மழை விட்டிட்டுது போல," என்றாள் நகுலேஸ்வரி. "உடுப்பைக் காயப்போடவேணும்." மழை விடவில்லை. அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள்.

வான்மதியை அனுப்பிவிட்டுப் பாலேந்திரா வந்து குசினி நிலையில் நின்றார். நகுலேஸ்வரி கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சொல்லியிருக்கிறியள்."

"ஓம், சொன்னனான். றிப்போட்டைப் பற்றி அவ போன் எடுக்கேக்கை வாய்க்குள்ள வந்திட்டுது. வேற என்னத்தைச் சொல்லச் சொல்லுறீர்? கதவைச் சாத்தப்போறாங்கள் நகுலா."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா விடமாட்டீர்." அவர் கையைப் பிசைந்தார். பிறகு, நெடுநேரம் யோசித்து வைத்திருந்ததுபோல நிதானமாகச் சொன்னார். "உதில என்ன வெக்கம்? உது பிறஷர், சலரோகம் மாதிரி ஒரு வருத்தம். ஆருக்கும் வரும். சொல்லுறதில ஒரு குறையுமில்லை, நகுலா. நீர் ஒரு பிழையும் செய்யேல்லை."

நகுலேஸ்வரி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

இந்த வார்த்தையைத்தான் அவள் கேட்க ஆசைப்பட்டிருந்தாள். இதே சொற்கள்கூட. அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில், பிளாஸ்டிக் பையில் சோற்றுப் பெட்டியோடு, தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாசலுக்குள் நுழைந்த மனிதரிடமிருந்து. அப்போது அவர் சொன்னது வேறு. "நீர் வெம்பிளியில கொக்காவோட நிக்கிறீர். அதுதான் கதை. வந்தாப் பிறகு மாறிச் சொல்லிப்போடாதையும். அங்கொடை விசராஸ்பத்திரிக்குப் போன ஆள் எண்டு பேர் வந்தா பிள்ளைக்கு ஒரு இடத்தில கலியாணம் பேச ஏலாது." வெம்பிளியில் என்ன செய்தாள் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். கடைக்குப் போனது, அக்காவோடு கோயிலுக்குப் போனது, சேலை வாங்கியது. திரும்பி வந்து அவள் அதை அருமைநாயகிக்கு அப்படியே சொன்னாள். சேலை விலைகூடச் சொன்னாள். சொல்லிச் சொல்லி, இப்போது சில நேரம் அந்தச் சேலைக் கடையின் படிகள் நினைவுக்கு வருகின்றன. ஏறாத படிகள்.

"சரி, படுங்கோ. கண் சிவந்திருக்கு," என்றாள்.

"யோசியும்."

"படுங்கோப்பா."

அவர் போய்ப் படுத்தார். உடனே குறட்டை கேட்டது. கெட்ட மனிதரில்லை. ஷிப்ட் முடித்துவந்து நித்திரையில்லாமல் வான் ஓட்டுகிறவர். கிழவிகளின் கையைப் பிடித்து ஏற்றி, சீற் பெல்ட் போட்டுவிடுகிறவர். இதை அவளுக்காகத்தான் தொடங்கினார் என்றும் சொல்லலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை மண்டபத்துக்குக் கூட்டிப்போய், "நாலு பேருக்குச் சமைச்சுப் பாரும்" என்றவர் அவர்தான். நாலு பேர் நாற்பது பேரானார்கள். பெரிய சட்டியில் சோறு பொங்கி வரும்போது அவளுக்கு முதுகு நிமிரும். அது பொய்யில்லை. அதைச் சொல்லச் சொன்னால் அவள் சொல்வாள்.

ஆனால் அவர்கள் கேட்பது அதற்கு முந்தியதை.

அதை எப்படிச் சொல்வது? லண்டனுக்கு வந்த அடுத்த வருடம், குசினிக் குழாயைத் திறந்துவிட்டு அவள் நின்றாள். தண்ணீர் தொட்டி நிறைந்து, நிலத்தில் வழிந்து, கீழ்வீட்டுக் கூரையில் இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டி மூடவேண்டும் என்பது தெரிந்தது. கைதான் போகவில்லை. பிறகு யாரோ வந்தார்கள், கூட்டிப் போனார்கள். இதுவரை சொல்லிவிடலாம். கேட்கிறவர்கள் முகத்தைச் சுருக்கி இரக்கப்படுவார்கள்.

பிறகு நடந்ததைத்தான் சொல்ல முடியாது. அங்கே அவள் நித்திரை கொண்டாள். விழித்தபோது ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார். பிறந்ததிலிருந்து அவள் கேட்காமல் அவளுக்கு யாரும் தேத்தண்ணி கொண்டுவந்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் சியரா லியோன்காரி ஒருத்தி. இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. பகல் முழுதும் இரண்டு பேரும் யன்னலுக்கு வெளியே ஒரு இலையில்லாத மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் தட்டிலிருந்த பாணில் பாதியைப் பிய்த்து இவளுக்கு நீட்டுவாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை. பாலேந்திரா வரும் நேரம் நெருங்கும்போது மட்டும் இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். மகள் ஞாபகம் வரும். வந்த பிறகும் திரும்பிப் போக மனம் இருக்காது.

அந்த இடத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எந்தக் கூட்டத்தில் சொல்வது? மகளைப் பெற்ற ஒருத்தி இதைச் சொல்லலாமா? அவர்களுக்கு வேண்டியது ஒரு ஆழமான கிடங்கும் ஏறிவர ஒரு ஏணியும். கிடங்குக்குள் கிடந்தேன், புதன்கிழமை ஏணி போட்டது என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் அது வெம்பிளிக்குச் சேலை வாங்கப் போன கதை மாதிரி இன்னொரு கதை. சொல்லிச் சொல்லி அதுவே நினைவாகிவிடும். அந்த மரம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மேனுஷா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு மடிகணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். யூனிவர்சிற்றியில் இரண்டாம் வருடம். சங்கத்தின் விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்ததும் அவள்தான். நகுலேஸ்வரி காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா சொன்னவர்," என்றாள் மேனுஷா, கணினியை மூடாமலே.

"என்ன சொன்னவர்?"

"தேர்ஸ்டே பற்றி. அம்மா, எனக்கு அது தெரியும். ஐ ஆல்வேஸ் நியூ."

மடித்த சட்டையை நகுலேஸ்வரி திரும்ப விரித்தாள். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நீங்கள் வெம்பிளியில நிக்கிறீங்கள் எண்டு அப்பா சொன்னவர். அந்த வீக்கே வெம்பிளிப் பெரியம்மா போன் எடுத்து, அம்மாட்டக் குடு எண்டு கேட்டவா."

"நீ என்ன சொன்னனி?"

"பாத்றூமில எண்டு சொன்னனான்." மேனுஷா தோளைக் குலுக்கினாள். "பிறகும் எடுத்தவா. நித்திரை எண்டனான்."

பாவாடைச் சட்டையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையை நகுலேஸ்வரி நினைத்துப் பார்த்தாள். அந்த வீட்டில் எல்லாருமே ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒருவர் பிடித்திருப்பது மற்றவருக்குத் தெரியாமல்.

"அப்பாட்டச் சொன்னியோ?"

"இல்லை. வை வுட் ஐ? அவர் பாவம்." பிறகு அவள் எழும்பி வந்து தாயின் தோளில் நாடியை வைத்தாள். "சொல்லுங்கோ அம்மா. இட்ஸ் யுவர் ஸ்டோரி. ஏன் மறைக்கவேணும்? வேற ஆக்களுக்கும் அது ஹெல்ப்பா இருக்கும். ஐட் பி சோ ப்றவுட்."

"உனக்குக் கலியாணம் பேசேக்கை?"

"அம்மா!" என்று சிரித்தாள் மேனுஷா. "அதுக்குப் பயந்து ஓடுற ஆள் எனக்கு வேண்டாம்."

இவள் சொல்வது சரி. இவர் சொல்வதும் சரி. வான்மதி சொல்வதும் பிழையில்லை. எல்லாரும் சரியாகவே சொல்கிறார்கள். என்னுடையது என்றும் சொல்கிறார்கள். என்னுடையது என்றால் எல்லாருடைய கையும் ஏன் அதன்மேல் இருக்கிறது? நகுலேஸ்வரிக்கு ஆறுதலாக ஒரு இடத்தில் இருக்கவேண்டும்போல் இருந்தது. உடுப்பை மடித்து முடித்தாள்.

புதன்கிழமை விடிய லூயிஷாம் சந்தையில் தூறலுக்குள் நின்று பூசணிக்காயும் கீரையும் வாங்கினாள். கடைக்காரன் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் தடியால் தட்டிவிட்டுக்கொண்டே, "இன்றைக்குப் பெரிய கூட்டமா, டார்லிங்?" என்று கேட்டான். எப்போதும் கேட்பது. அவளும் எப்போதும்போல் தலையாட்டினாள்.

கிழவிகள் பழையபடி கம்பளிச் சட்டைகளில் வந்தார்கள். மண்டபம் முழுக்க ஈரக் கோட்டு மணம். அருமைநாயகி ஹீற்றரோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, சூடு ஏறிய பிறகு குசினிக்கு வந்து வெங்காயம் உரித்தாள்.

"காசு தருவாங்களோ பிள்ளை?"

"தெரியாதக்கா. நாளைக்குக் கூட்டம்."

"தராட்டி?"

"தராட்டி மண்டபம் இல்லை."

அருமைநாயகி ஒரு வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்தாள். "அப்ப சுடுதண்ணிப் போத்தல் ஒண்டு வாங்கத்தான் வேணும்," என்றாள். "ரப்பர்ப் போத்தல். மருமகள் வேண்டித் தருவள்." கொஞ்சம் கழித்து, "அண்டைக்கு நான் வாயைத் திறந்திருக்கவேணும் போல. ஆனா எப்பிடிப் பிள்ளை? பெத்த பிள்ளையை அந்நியனுக்கு முன்னால வைச்சு..."

"விடுங்கோ அக்கா."

"வெங்காயம் எரிக்குது," என்றாள் அருமைநாயகி.

சாப்பாடு முடியும் நேரம் பெவர்லி வந்தாள். வியாழக்கிழமைகளில் அதே மண்டபத்தில் டொமினோ விளையாடுகிற ஜமெய்க்காக்காரரின் குழுவுக்கு அவள் தலைவி. வயது எழுபதுக்கு மேல், ஊதாநிறத் தொப்பி. மேசைகளைப் பார்த்துப்போக வந்ததாகச் சொல்வாள், வடைக்குத்தான் வருவாள். அவளுடைய குழுவும் அதே பணத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தது.

தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் நகுலேஸ்வரி கேட்டாள், நாளைக்கு நீங்களும் பேசுகிறீர்களா என்று.

பெவர்லி வடையை மென்று விழுங்கினாள். "ஒவ்வொரு முறையும் நான்தான் பேசுகிறேன் கண்ணே. என் அம்மா கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து, வாடகைக்கு அறை கிடைக்காமல் குளிரில் நின்றது, கடைசியில் தனியாகச் செத்தது வரை. அவர்களுக்கு அம்மா சாகும் இடம்தான் பிடிக்கும். மண்டபத்து வாடகைக்காக அவளை நான் பலமுறை சாகடித்துவிட்டேன்." பெரிதாகச் சிரித்தாள். சிரித்து முடித்து, கை விரல்களைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள். "அவள் நன்றாக ஆடுவாள், தெரியுமா? அவள் ஆடியது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு ஞாபகம் வருவதில்லை."

நகுலேஸ்வரி இன்னும் இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றி அவளிடம் கொடுத்தாள்.

வியாழக்கிழமை நிதியத்தின் அலுவலகத்தில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் இருந்தார்கள். தலைமை தாங்கியவர் கானாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, நரைத்த முடியை நெருக்கமாக வெட்டியிருந்தார். மற்றவர்களிலும் பாதிப் பேர் இப்படியான குழுக்களை நடத்தி வந்தவர்கள்தான். எல்லாருடைய முகமும் களைத்திருந்தது. எத்தனை குழுக்களைக் காலையிலிருந்து கேட்டார்களோ. ஆனாலும் நகுலேஸ்வரி வந்து இருந்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் தண்ணீர் ஊற்றி வைத்தார். நல்ல மனிதர்கள். அதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது.

அவளுக்கு ஒரு பக்கம் பாலேந்திரா, கோயிலுக்குப் போடுகிற கோட்டில். மறுபக்கம் மொழிபெயர்க்க வான்மதி.

"புதன்கிழமையைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றார் தலைவி.

நகுலேஸ்வரி சொன்னாள். விடியச் சந்தைக்குப் போவதைச் சொன்னாள். பல்லில்லாதவர்களுக்குச் சோற்றை இன்னும் குழைய விடுவதை, சலரோகக்காரருக்குக் குரக்கன் மாவில் பிட்டு அவிப்பதைச் சொன்னாள். "கிழமையில மற்ற நாள் முழுக்க ஒருத்தரோடயும் தமிழில ஒரு சொல்லுக் கதைக்காத ஆக்கள் வருகினம். பேரப்பிள்ளையளின்ர பாஷை இவைக்கு விளங்காது. வந்து முதல் அரைமணித்தியாலம் எல்லாரும் ஒரே நேரத்தில கதைப்பினம், ஒருத்தரும் கேக்கமாட்டினம். குளிருக்கு வாறவையும் இருக்கினம். ஆரெண்டு நான் சொல்லமாட்டன்."

வான்மதி சொன்னாள். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் எழுதினார். தலைவி முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நேராக அவளைப் பார்த்து, மிக மெதுவாகக் கேட்டார்.

"இதில் சேர்வதற்கு முன்னால் உங்களுக்கு மிகவும் கடினமான ஒரு காலம் இருந்தது என்று அறிகிறோம். உங்களுக்கு முடிந்த அளவு அதைப்பற்றி எங்களுக்குச் சொல்வீர்களா?"

வான்மதி மொழிபெயர்க்கத் தேவையில்லை. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை, கண் துடைக்கும் கடதாசிப் பெட்டியை மெல்ல அவள் பக்கம் தள்ளியது.

சொன்னால் அருமையக்காவுக்கு ஹீற்றர் இருக்கும். எனக்குச் சட்டி இருக்கும், இவருக்கு வான் இருக்கும். ஐந்து நிமிடம். அவள் வாயைத் திறந்தும் பார்த்தாள். குழாய், தண்ணீர், கீழ்வீட்டுக் கூரை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் அந்தச் சியரா லியோன்காரி, பிய்த்த பாணை நீட்டிக்கொண்டு.

"அதை நான் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி."

"அக்கா," என்றாள் வான்மதி மூச்சுக்குள். "கொஞ்சமாவது."

"இல்லைப் பிள்ளை. சாப்பாட்டைப் பற்றி இன்னும் கேட்டா இன்னும் சொல்லுறன்."

வான்மதி அவளையும் தலைவியையும் பார்த்தாள். எதை, எப்படி மொழிபெயர்ப்பது என்று தேடினாள். பாலேந்திரா கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். "நகுலா," என்றார் அவர், கெஞ்சலாக.

"நோ," என்றாள் நகுலேஸ்வரி, தலைவியைப் பார்த்து, தானாகவே. "சொறி. நோ."

"அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்," என்றார் தலைவி இரக்கத்தோடு.

அவள் தன்னைத் திடப்படுத்திக்கொள்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். ஐந்து பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நகுலேஸ்வரி கடதாசிப் பெட்டியை மேசையின் நடுவுக்குத் திரும்பத் தள்ளிவைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, அவர்களுக்கு விளங்கும்வரை அவளும் அவர்களோடு காத்திருந்தாள்.